கள்ளக் காசைத் தூக்கி எறியாதீங்க: பீரோவில் இருக்கும் ‘ராணி தலை’ ரூபாய் அசலா, போலியா?

சென்னிமலை, பெருந்துறை, காங்கேயம் வட்டாரத்தில் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டும்போதோ, பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போதோ, ‘ராணி தலை’ போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டு கிடைப்பது அதிசயம் இல்லை. கிடைத்த உடனே இரண்டு கேள்விகள் வரும். “ஏனுங்க, இது ஒரிஜினலுங்களா?” என்பது ஒன்று. “வித்தா எவ்வளவு போகுமுங்க?” என்பது இன்னொன்று.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல செல்போன் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ‘இந்தக் காசு உங்ககிட்ட இருந்தா நீங்க லட்சாதிபதி’ என்ற வீடியோவைப் பார்க்காதவர் குறைவு. முதல் கேள்விக்குப் பதில் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. மோசடிக்காரர்கள் உள்ளே நுழைவது இந்த ஓட்டை வழியாகத்தான்.

காசு விலையைப் பற்றிப் பேசும் அளவுக்கு, போலிக் காசைப் பற்றியும் நாம் பேச வேண்டும். போலியைப் படிக்கத் தெரிந்த வீட்டில் மோசடிக்காரர் பேச்சு எடுபடாது. அதைவிட முக்கியமாக, எல்லாப் போலியும் குப்பை இல்லை. பிரிட்டிஷ் காலத்தில் செய்த ஒரு கள்ளக் காசு, இன்றைக்கு ஒரு வரலாற்றுச் சான்று.

பவுன், சவரன்: நம் வாயில் இருக்கும் பிரிட்டிஷ் காசு

‘பிரிட்டிஷ் காசுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பவர்கள் ஒருமுறை நகைக்கடை வாசலில் நின்று பார்க்கலாம். ‘பவுன்’ என்ற சொல் ஆங்கிலப் ‘பவுண்ட்’. ‘சவரன்’ என்ற சொல், ஒரு பவுண்ட் மதிப்புள்ள ‘சாவரின்’ தங்கக் காசு. அந்தக் காசின் எடை 7.98 கிராம். அதைத்தான் முழுமையாக்கி 8 கிராம் ஒரு சவரன் என்கிறோம். 24 பங்கில் 22 பங்கு தங்கம் என்பது சாவரினின் தரம். ஹால்மார்க்கில் பார்க்கும் 916-ம் அதே கணக்குதான். 1918-இல் பம்பாயிலேயே சாவரின் அச்சடித்தார்கள். அந்தக் காசுகளில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து சின்னதாக இருக்கும்.

அந்தக் காசையும் கள்ளக் கம்பட்டக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, தங்கத்தின் விலையைவிட அதிகம் கொடுத்து சாவரின் வாங்க மக்கள் தயாராக இருந்தார்கள். இத்தாலியிலும் லெபனானிலும் சிலர் உண்மையான தங்கத்திலேயே போலி சாவரின் செய்து அந்த விலை வித்தியாசத்தைச் சம்பாதித்தார்கள். தங்கம் அசல், காசு போலி! பிரிட்டனின் ராயல் மின்ட் 1957-இல் மறுபடி சாவரின் அச்சடிக்கத் தொடங்கியதற்கு இந்தப் போலிகளை ஒடுக்குவதும் ஒரு காரணம்.

‘உலோகம் சுத்தமாக இருந்தால் காசும் அசல்தான்’ என்ற நம் நம்பிக்கை இங்கேயே உடைந்துவிடுகிறது. உலோகம் ஒரு சாட்சி. எடை, விளிம்பு, எழுத்து, ஆண்டு எல்லாமே தனித்தனிச் சாட்சிகள். எல்லோரும் ஒரே கதையைச் சொன்னால்தான் நம்பலாம்.

நொய்யல் கரைக்கு இது புதுசு இல்லை

சென்னிமலையிலிருந்து மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில், நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று சொல்லும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வுகளில் கல்மணித் தொழிலுக்கும் இரும்புத் தொழிலுக்கும் சான்றுகள் கிடைத்தன. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் போகும் வணிகப் பாதையில் இருந்த ஊர் அது. அதே பாதையில் கோவை பக்கம் உள்ள வெள்ளலூரில் 1842-இல் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன.

அயல்நாட்டுக் காசு வந்தால், அது நல்லதா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆளும் வேண்டும். சங்க காலத்தில் அவருக்கு ‘வண்ணக்கன்’ என்று பெயர். நாணயத்தைச் சோதிப்பவர் என்று பொருள். சங்கப் புலவர்கள் சிலரின் பெயரிலேயே இந்தத் தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிற்காலத்தில் ‘நோட்டக்காரர்’ அதே வேலையைச் செய்தார். இன்றும் ஒருத்தரை ‘நோட்டம் விடுறான்’ என்கிறோம். நம்பத் தகுந்த ஆளை ‘நாணயமானவர்’ என்கிறோம். காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில், காசு சோதிக்கும் அறிவு மட்டும் மறந்துபோனது கொஞ்சம் வேடிக்கைதான்.

மூன்று வகைப் போலி

எல்லாவற்றையும் ‘டூப்ளிகேட்’ என்று ஒரே பையில் போடுவதால்தான் குழப்பம். பிரிட்டிஷ் காலக் காசுகளில் போலி என்பது மூன்று வகை.

முதல் வகை, அந்தக் காலத்துக் கள்ளக் காசு. அந்தக் காசு புழக்கத்தில் இருந்தபோதே, கடையில் தள்ளிவிடுவதற்காகச் செய்தது. ஏமாற்றப்பட்டவர் அன்றைய கடைக்காரர், விவசாயி, கூலித் தொழிலாளி.

இரண்டாவது, இன்றைய போலி. சேகரிப்பவர்களை ஏமாற்ற இப்போது செய்வது. அரிதான ஆண்டு, அரிதான அச்சுச்சாலைக் குறி இருக்கும் காசுகளையே குறிவைப்பார்கள்.

மூன்றாவது, கதைக் காசு. இதற்கு அசல் என்று ஒன்று கிடையவே கிடையாது. ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818’ என்று எழுதி, மறுபக்கம் ராமர், சீதை, அனுமார் இருக்கும் செம்பு வில்லை இந்த வகை.

முதல் வகையைப் பாதுகாக்க வேண்டும். இரண்டாவதை அடையாளம் காண வேண்டும். மூன்றாவதைக் கொண்டுவருபவரை வீட்டு வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும்.

கள்ளக் கம்பட்டத்துக்குப் பயந்து மாறிய காசு

காசின் வடிவம் ஏன் மாறிக்கொண்டே வந்தது என்று பார்த்தால், பாதிக் காரணம் கள்ளக் காசாகத்தான் இருக்கும்.

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செப்புக் காசுக்குப் பெரிய தட்டுப்பாடு. கள்ளக் காசு கொட்டிக் கிடந்தது. சிலர் சட்டத்தின் ஓட்டையைப் பிடித்தார்கள். அசல் காசில் ‘ஜார்ஜியஸ் ரெக்ஸ்’ என்று இருக்கும். இவர்கள் ‘ஜார்ஜ் ரூல்ஸ்’ என்று பொறித்தார்கள். ‘நாங்க ராஜா காசைக் காப்பி அடிக்கலை, எழுத்தே வேற’ என்று தப்பிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் கையில் அது காசாகவே ஓடிவிடும்.

இதற்குப் பதிலடியாக 1797-இல் பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டனின் சோஹோ அச்சுச்சாலை, நீராவி இயந்திரத்தில் தடிமனான பென்னிகளை அடித்தது. விளிம்பு அகலம், எடை அதிகம். கையால் செய்பவருக்குக் கட்டுப்படியாகாத காசு. அதே சோஹோ அச்சுச்சாலைதான் மதராஸ் மாகாணத்துக்காக 1803, 1808 ஆண்டுகளில் 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களைச் செய்தது. 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு கொங்கு நாடும் அந்த மாகாணத்துக்குள் வந்துவிட்டது. அதாவது, இங்கிலாந்தில் கள்ளக் காசை ஒழிக்க வந்த தொழில்நுட்பம் கொஞ்ச நாளிலேயே நம்ம ஊர்ச் சந்தைக்கும் வந்தது.

1835-இல் கம்பெனி ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் ஒரே மாதிரி ரூபாய் வந்தது. எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. 1939 வரைக்கும் இந்த எடையும் தரமும் மாறவில்லை. வீட்டில் காசைச் சோதிப்பவருக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

1893-இல் ஒரு திருப்பம். அதுவரை யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கலாம். வெள்ளி விலை உலகம் முழுக்கச் சரிந்ததால் அந்த வசதியை அரசு நிறுத்தியது. அதன்பிறகு ஒரு ரூபாய்க் காசுக்குள் இருந்த வெள்ளியின் விலை ஒரு ரூபாயைவிடக் குறைவு. கள்ளக் கம்பட்டக்காரருக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன? ஈயமும் தகரமும் தேடி அலைய வேண்டாம். நல்ல வெள்ளியிலேயே கள்ள ரூபாய் செய்தாலும் லாபம் நிற்கும்.

முதல் உலகப் போரின்போது வெள்ளி விலை ஏறிக் கணக்கு தலைகீழானது. 1917-இல் ஒரு ரூபாய் நோட்டு வந்ததன் பின்னணி இந்த வெள்ளித் தட்டுப்பாடுதான். இரண்டாம் உலகப் போர் வந்ததும், 1940-இல் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். கூடவே கள்ளக் காசைத் தடுக்க விளிம்பில் ஒரு புது ஏற்பாடு: வரிக்கோடுகளுக்கு நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம். அச்சு வார்த்துச் செய்பவருக்கு அந்தப் பள்ளத்தைச் சுத்தமாகக் கொண்டுவருவது கஷ்டம். 1947-இல் வெள்ளியே இல்லாத நிக்கல் ரூபாய் புலி உருவத்துடன் வந்தது.

ஆக, உங்கள் வீட்டு ரூபாயின் விளிம்பைத் தடவிப் பார்த்தால், அரசுக்கும் கள்ளக் கம்பட்டக்காரருக்கும் நடந்த சண்டை விரலில் தட்டுப்படும்.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

ஆய்வகம் வேண்டாம். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு லென்ஸ், ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் நூல் போதும்.

எடை: 1835 முதல் 1939 வரையான வெள்ளி ரூபாய் 11.66 கிராம். அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92 கிராம். தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம். ஆனால் எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தும் எடை 10 கிராம்தான் என்றால் சந்தேகப்படுங்க. அசலைவிட எடை கூடினால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுங்க. தேய்மானம் எடையைக் கூட்டாது.

தண்ணீர்ச் சோதனை: டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, அளவைப் பூஜ்ஜியமாக்குங்க. காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்க. தராசில் ஒரு எண் வரும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். நல்ல வெள்ளி ரூபாய்க்குத் தராசு சுமார் 1.13 காட்டும், அடர்த்தி 10.3 பக்கம் வரும். வெள்ளியே இல்லாத ‘ஜெர்மன் சில்வர்’ என்றால் 9-க்கும் கீழே இறங்கிவிடும். 1940-க்குப் பிந்தைய பாதி வெள்ளி ரூபாய் சுமார் 9.5. சாவரின் தங்கக் காசுக்கு 17.6 பக்கம் வர வேண்டும்.

விளிம்பு: வார்ப்புக் காசில் இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு தெரியும். அல்லது அதை அரம் போட்டுத் தேய்த்த தடம் தெரியும். அசலில் வரிக்கோடுகள் சீராக, கூர்மையாக ஓடும்.

முகம்: வார்ப்பில் சின்னச் சின்னக் காற்றுக் குழிகள் இருக்கும். ராணியின் தலைமுடி, உடை வேலைப்பாடு எல்லாம் சோப்புக் கட்டியில் பதித்த மாதிரி மழுங்கிப்போயிருக்கும். முலாம் பூசிய காசில் கன்னம், மூக்கு மாதிரி மேடான இடங்களில் உள்ளே இருக்கும் செம்பு எட்டிப் பார்க்கும்.

சத்தம்: தாத்தாக்கள் செய்த மாதிரி சுண்டிப் பார்க்கலாம். வெள்ளி ‘கணீர்’ என்று கொஞ்ச நேரம் ஒலிக்கும். ஈயக் கலப்பு ‘தொப்’ என்று அடங்கிவிடும். ஆனால் விரிசல் விட்ட அசல் காசும் அமுங்கித்தான் ஒலிக்கும். சத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

காந்தம்: தங்கம், வெள்ளி, செம்பு எதையும் காந்தம் இழுக்காது. வெள்ளி ரூபாயைக் காந்தம் இழுத்தால் போலி என்று முடிவு கட்டலாம். ஆனால் 1947 நிக்கல் ரூபாயைக் காந்தம் இழுக்கும், அது அசல்! ஆண்டைப் பார்க்காமல் காந்தத்தை மட்டும் நம்பினால் நல்ல காசைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

ஆண்டு சொல்லும் கதை: ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் அரிது. அதனால் வேறு ஆண்டின் எண்ணைச் சுரண்டி 1939 ஆக்குவது போலிக்காரர்களின் பழைய வித்தை. ‘1939’ ரூபாயின் விளிம்பில் 1940-க்குப் பிறகு வந்த அந்தப் பள்ளம் இருந்தால், அல்லது அடர்த்தி 9.5 என்று வந்தால், யாரோ எண்ணில் கை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். கெமிக்கல் எதுவும் இல்லாமல், காலக்கணக்கை வைத்தே பிடித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: புளி போட்டுத் தேய்க்காதீங்க, அரம் போட்டுச் சுரண்டாதீங்க. அசலாக இருந்தால் மதிப்பு போகும். போலியாக இருந்தால் சான்று போகும்.

‘1818’ காசும் அரிசி இழுக்கும் கதையும்

இப்போது அந்த மூன்றாவது வகைக்கு வருவோம். பணம் போவதும் மானம் போவதும் இங்கேதான்.

1818-இல் கம்பெனிக்கு இந்தியா முழுக்க ஒரே நாணயம் கிடையாது. வங்காளம், பம்பாய், மதராஸ் மாகாணங்களுக்குத் தனித்தனிக் காசுகள். கம்பெனி ஆட்சிக்குப் பொதுவான முறை 1835-இல்தான் வந்தது. எனவே ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா, 1818’ என்று எழுதி ராமர் பட்டாபிஷேகம் போட்ட காசு, தன் பிறந்த தேதியிலேயே மாட்டிக்கொள்கிறது. ‘1616’ என்று போட்டதெல்லாம் இன்னும் மோசம். அந்த ஆண்டில் கம்பெனி சூரத்தில் கடை போட்டு வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தது.

‘சாமி படம் போட்டு வெள்ளைக்காரன் காசு அடிக்கவே இல்லையா?’ என்று கேட்டால், அடித்தான். மதராஸில் கம்பெனி வெளியிட்ட தங்க வராகன்களில் பெருமாள் உருவம் உண்டு. நடுவில் பெருமாள், இருபக்கமும் தேவியர் நிற்கும் ‘மூன்று சுவாமி வராகன்’ சேகரிப்பாளர்களிடம் பிரபலம். விஜயநகர மரபை அப்படியே தொடர்ந்தார்கள். உள்ளூர் வியாபாரி பழகிய காசைத்தான் வாங்குவார் என்பது கம்பெனிக்குத் தெரியும். மோசடிக்காரர் சொல்லும் கதையில் இந்த அரை உண்மை இருப்பதால்தான் அது நம்பும்படி இருக்கிறது. அரை உண்மையை முறியடிக்க முழு உண்மை தெரிய வேண்டும்.

அடுத்த கட்டம் ‘ரைஸ் புல்லிங்’. இந்தச் செம்புக் காசில் இடி விழுந்து ‘இரிடியம்’ சக்தி ஏறிவிட்டது, அரிசியை இழுக்கும், வெளிநாட்டு விண்வெளி நிறுவனம் கோடிக்கணக்கில் வாங்கும் என்பார்கள். ‘டெஸ்டிங்’ செலவுக்கு மட்டும் நீங்கள் சில லட்சம் கட்ட வேண்டும். 2014-இல் வந்த ‘சதுரங்க வேட்டை’ படம் இந்த வித்தையைத் திரையிலேயே போட்டுக் காட்டியது. படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருக்கும் அதே ஊர்களில் மோசடி இன்னும் நடக்கிறது.

இரிடியம் 1803-இல் கண்டுபிடிக்கப்பட்ட உண்மையான உலோகம். ஸ்பார்க் பிளக் முனையில்கூடப் பயன்படுகிறது. இடி விழுந்தால் செம்பு இரிடியமாக மாறாது. இரிடியம் அரிசியையும் இழுக்காது, இரும்பையும் இழுக்காது. அதன் அடர்த்தி சுமார் 22.5, செம்பின் அடர்த்தி 9-க்கும் கொஞ்சம் குறைவு. மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனைக்கு ‘இரிடியம் காசை’ ஐந்து நிமிடம் கொடுக்கச் சொல்லிப் பாருங்க. கொடுக்க மாட்டார்கள். ‘கை பட்டா பவர் போயிரும்’ என்பார்கள். பேச்சுவார்த்தையை அங்கேயே முடித்துவிடலாம்.

இன்னொரு வழி செல்போன் வழியாக வரும். ‘உங்கள் பழைய காசை வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன், வரி கட்டுங்க’ என்று ரிசர்வ் வங்கி பெயரிலேயே பேசுவார்கள். 2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதி ரிசர்வ் வங்கி இதை வெளிப்படையாக மறுத்தது. பழைய நோட்டு, காசு வாங்குவது விற்பதில் தனக்குச் சம்பந்தம் இல்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று அறிவித்தது.

2012-இல் பெருந்துறையில் ஈமு கோழி திட்டங்கள் கவிழ்ந்ததைப் பார்த்த வட்டாரம் இது. தறியிலும் காட்டிலும் பாடுபட்டுச் சேர்த்த பணம் எப்படிப் போனது என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. காசு மோசடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏமாந்தவர் வெளியே சொல்லக் கூச்சப்படுவார். ‘அரிசி இழுக்கும்னு நம்பினியா?’ என்று ஊர் சிரிக்கும் என்ற பயம். அந்தக் கூச்சம்தான் மோசடிக்காரரின் பாதுகாப்பு. ஏமாந்தவரைக் கேலி செய்வதை நிறுத்தினாலே பாதிப் புகார்கள் காவல் நிலையத்துக்கு வந்துவிடும்.

கள்ளக் காசை எதற்குச் சேர்க்க வேண்டும்?

அந்தக் காலத்துக் கள்ளக் காசு கையில் இருந்தால் பெரும்பாலானோர் செய்வது இரண்டுதான். ஒன்று, தூக்கி எறிவது. இல்லையென்றால், யாரோ தெரியாதவர் தலையில் கட்டுவது. இரண்டுமே தப்பு.

அரசு ஆவணங்கள் காசை அச்சடித்தவர்களின் பக்கத்தைச் சொல்லும். கள்ளக் காசு, அதைச் சந்தையில் வாங்கி ஏமாந்தவர்களின் பக்கத்தைச் சொல்லும். எந்தக் காசைப் போலி செய்தார்கள் என்பதிலிருந்து, எந்தக் காசு மக்கள் கையில் அதிகம் ஓடியது என்று தெரியும். எந்த உலோகத்தில் செய்தார்கள் என்பதிலிருந்து, அன்றைக்கு எது மலிவு என்று தெரியும். நடுவில் உளியால் வெட்டிச் சோதித்த தழும்பு இருந்தால், யாரோ ஒரு நோட்டக்காரர் அதைப் பிடித்திருக்கிறார் என்று தெரியும்.

பிரிட்டனில் ‘ஜார்ஜ் ரூல்ஸ்’ காசுகளைத் தேடிச் சேர்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இது பழங்கதை மட்டும் இல்லை. அங்கே பழைய வட்டமான ஒரு பவுண்ட் காசில் சுமார் 30-க்கு ஒன்று கள்ளக் காசு என்று ராயல் மின்ட் மதிப்பிட்டது. அதனால்தான் 2017-இல் 12 பக்கம் உள்ள புதிய காசு வந்தது.

‘போலிக்கு விலை கொடுத்தால் போலி செய்பவர்கள் பெருகிவிட மாட்டார்களா?’ என்ற கேள்வி நியாயமானது. சில சேகரிப்பாளர்கள் இதனாலேயே போலியைத் தொடக்கூட மாட்டார்கள். ஆனால் ஒளித்துவைப்பது இதற்கு மருந்து ஆகாது. போலி ‘போலி’ என்ற பெயரோடு நின்றால் அதன் விலை ஏறாது. ‘அசல்’ என்ற பெயரில் நின்றால்தான் ஏறும். அதனால் சேர்ப்பவர்களுக்கு ஒரே விதி: உறையின் மேல் ‘கள்ளக் காசு’ என்று பேனாவால் எழுதி, எடை, அடர்த்தி, எப்படித் தெரிந்தது என்று குறித்து வைக்க வேண்டும். அந்தக் காசு நாளைக்குப் பேரன் கைக்குப் போனாலும் அந்த எழுத்து கூடவே போகும்.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. பழசு என்றாலே கோடி என்பது பொய். மதராஸுக்கு வர வேண்டிய 1808 காசுகள் டன் கணக்கில் ‘அட்மிரல் கார்டனர்’ கப்பலோடு 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கடலோரம் மூழ்கின. பின்னாளில் அள்ளி எடுத்துச் சந்தைக்கு வந்தன. 200 ஆண்டு தாண்டிய அசல் கம்பெனிக் காசு, ஆனாலும் அதை அரியது என்று சொல்ல முடியாது. ‘1862’ என்று பொறித்த விக்டோரியா ரூபாயை அதே ஆண்டு எண்ணோடு பல வருடங்கள் அடித்தார்கள். எண்ணிக்கையும் நிலையும்தான் விலையைத் தீர்மானிக்கும், வயசு மட்டும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய காசைச் சேர்ப்பது குற்றம் இல்லை. ஆனால் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய காசு தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் விற்க முடியாது. 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிணறு வெட்டும்போது கிடைத்தாலும் இதே விதிதான். போலி என்று தெரிந்தே அசல் என்று சொல்லி விற்றால் அது மோசடி. ஆன்லைனில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

இனி என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் 1973 முதல் நகல் காசில் ‘காப்பி’ என்று பொறித்தே தீர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கேயும் அப்படி ஒரு கட்டாயம் வேண்டும். கோயில் வாசலிலும் கண்காட்சியிலும் ஆன்லைனிலும் விற்கும் ‘கம்பெனிக் காசு’ வில்லைகளில் ‘மாதிரி’ என்ற மூணு எழுத்து இருந்தால், அதை லட்சங்களுக்கு விற்க எவராலும் முடியாது.

ஈரோடு, கோவை அரசு அருங்காட்சியகங்கள் இன்னும் ஒன்று செய்யலாம். அசல் ரூபாய், அந்தக் காலக் கள்ள ரூபாய், இன்றைய போலி, ‘1818’ வில்லை, நான்கையும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஒரு தராசும் டம்ளரும் கூட வைத்தால் போதும். பள்ளிப் பிள்ளைகள் அடர்த்திக் கணக்கைப் புத்தகத்தில் படிப்பதைவிட இங்கே வேகமாகக் கற்றுக்கொள்வார்கள். வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் சொல்வார்கள்.

அதுவரைக்கும் வேலை நம்ம வீட்டில்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வெள்ளி ரூபாயை எடுத்து எடை பாருங்க. 11.66 பக்கம் வந்தால் சந்தோஷம். வரவில்லை என்றாலும் வருத்தப்பட வேண்டாம். 100 வருஷத்துக்கு முன்பு உங்கள் குடும்பத்தில் யாரையோ ஒருவர் ஏமாற்றியிருக்கலாம். அந்தக் காசை உறையில் போட்டு, மேலே உண்மையை எழுதி வையுங்க. அதே குடும்பத்தை இன்னொருவர் ஏமாற்ற வரும்போது அது கைகொடுக்கும்.